கோப்பில் போன எதிர்ப்பு: ஜெனரல் பிளாஸ்கோவிட்ஸின் போர்க்காலம்

1940 பிப்ரவரி 15. போலந்தில் ஸ்பாவா என்றொரு சிற்றூர். ரஷ்யச் சக்கரவர்த்திகள் வேட்டைக்கு வந்து தங்கிய இடம் அது. அந்தக் குளிர்காலத்தில் ஜெர்மன் ராணுவத்தின் கிழக்குத் தலைமையகம் அங்கே இயங்கியது. ராணுவத் தலைமைத் தளபதி வால்தர் ஃபான் பிரௌகிட்ஷ் பார்வையிட வருகிறார். அவரிடம் நேரில் சொல்ல வேண்டியவற்றையெல்லாம் கிழக்குத் தலைமைத் தளபதி யோஹானெஸ் பிளாஸ்கோவிட்ஸ் ஒரு குறிப்பாக எழுதி வைத்திருந்தார். அதில் இட்டிருந்த தேதி பிப்ரவரி 6.

அந்தக் குறிப்பின் சாரம் இது. இப்போது நடப்பதுபோல யூதர்களையும் போலந்து மக்களையும் சுமார் பத்தாயிரம் பேர்வரை வெட்டிச் சாய்ப்பது தவறான வழி. மக்கள்தொகையைப் பார்த்தால், இதனால் போலந்து நாடு என்ற எண்ணமும் சாகாது, யூதர்களும் ஒழிய மாட்டார்கள். எதிரியின் பிரசாரத்துக்கு இதைவிடச் சிறந்த ஆயுதத்தை நாமே செய்து கொடுக்க முடியாது. எல்லாவற்றையும்விடப் பெரிய கேடு ஜெர்மானியருக்குத்தான்: கொடூரமும் ஒழுக்கக்கேடும் கொள்ளைநோய்போல நம் ஆட்களிடையே பரவும். நாஜிக் கட்சியின் ஆயுதப் படையான எஸ்.எஸ். மீதும் காவல் படை மீதும் ராணுவ வீரர்கள் கொண்டிருக்கும் உணர்வு அருவருப்புக்கும் வெறுப்புக்கும் நடுவே ஊசலாடுகிறது.

இதை முதன்முறை படிப்பவருக்கு மனம் நிமிர்கிறது: 1940இலேயே, ஹிட்லர் புகழின் உச்சியில் இருந்தபோதே, ஒரு ஜெனரல் இப்படி எழுதியிருக்கிறாரே! இரண்டாம் முறை படிக்கும்போது நெஞ்சில் ஏதோ இடறுகிறது. ‘யூதர்கள் ஒழிய மாட்டார்கள்’ என்ற வாதம் கொலை வேண்டாம் என்று சொல்லவில்லை. கொலையால் பயனில்லை என்று சொல்கிறது. மேலிடத்துக்குப் புரியும் மொழியில் பேசித்தான் அதை அசைக்க முடியும் என்று எண்ணி அப்படி எழுதினாரா, அதுவே அவருடைய உள்ளக் கருத்தா? ஒரே தாளில் இரண்டு குரல்கள் ஒலிக்கின்றன. பிளாஸ்கோவிட்ஸின் போர்க்கால வாழ்க்கை முழுவதும் அந்த இரண்டும் ஒன்றையொன்று விட்டுப் பிரியவே இல்லை. அதனால்தான் இந்த வழக்கை மெதுவாகப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

பிளாஸ்கோவிட்ஸ் 1883இல் கிழக்குப் பிரஷ்யாவில் புராட்டஸ்டண்ட் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். சிறுவயதிலேயே ராணுவப் பயிற்சிப் பள்ளி, 1901இல் படை, முதல் உலகப் போர், அதன்பின் வெர்சாய் ஒப்பந்தம் சுருக்கிவைத்த சிறிய ராணுவம் என்று அந்தத் தலைமுறை ஜெர்மன் அதிகாரிகள் எல்லோரும் நடந்த பாதைதான். அரசியல் பேசாத, ஆரவாரமில்லாத தொழில்முறைப் படைவீரர்.

1939 செப்டம்பரில் போலந்துக்குள் நுழைந்த ஐந்து ஜெர்மன் படைகளில் 8ஆம் படை அவர் வசம் இருந்தது. அவருக்குத் தெற்கே சென்ற 10ஆம் படைக்கு வால்தர் ஃபான் ரைஹெனாவ் தளபதி. வடக்கே கிழக்குப் பிரஷ்யாவிலிருந்து இறங்கிய 3ஆம் படைக்கு ஜியார்ஜ் ஃபான் கியூக்லர். இந்த இரண்டு பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்கள்.

8ஆம் படையின் வேலை, வார்சாவை நோக்கி விரையும் ரைஹெனாவின் இடப்பக்கத்தைக் காப்பது. செப்டம்பர் 9ஆம் தேதி, பின்வாங்கிக்கொண்டிருந்த போலந்தின் போஸ்னான் படை ஜெனரல் குட்ஷேபாவின் தலைமையில் பிசுரா ஆற்றங்கரையில் திரும்பி நின்று, நீண்டு மெலிந்து கிடந்த பிளாஸ்கோவிட்ஸின் 30ஆவது காலாட்படை டிவிஷனை விலாவில் அடித்தது. அந்தப் போர் முழுவதிலும் போலந்து நடத்திய மிகப் பெரிய எதிர்த்தாக்குதல் அதுவே. மற்றப் படைகளைத் திருப்பிக் கொண்டுவந்து வளைத்த பிறகே ஜெர்மானியர்களால் அதை முறியடிக்க முடிந்தது. பத்து நாள் நீடித்த அந்தச் சண்டை பிளாஸ்கோவிட்ஸின் மீது ஹிட்லருக்கு முதல் அதிருப்தியை உண்டாக்கியது. ஆனாலும், பல்லாயிரம் பொதுமக்கள் குண்டுமழையில் மடிந்த பிறகு செப்டம்பர் 28இல் வார்சா பணிந்தபோது, சரணடைவை ஏற்றுக் கையெழுத்திட்டவர் அவர்தான். எதிரே அமர்ந்து கையெழுத்திட்டவர் அதே குட்ஷேபா. அக்டோபர் 1 முதல் பிளாஸ்கோவிட்ஸ் கர்னல் ஜெனரல் ஆனார்.

அவர் எழுப்பிய எதிர்ப்பைப் பாராட்டிப் பேசுகிறவர்கள் இந்த இடத்தை விரைந்து கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்த செப்டம்பரில் பொதுமக்களைக் கொன்றது எஸ்.எஸ். மட்டுமல்ல. மறைந்திருந்து சுடுகிறார்கள் என்ற பீதியில் ஜெர்மன் ராணுவத்தின் சொந்தப் பிரிவுகளும் போலந்துக் கிராமங்களைக் கொளுத்தின, பிணையாட்களைச் சுட்டன. 8ஆம் படையின் பாதையிலேயே ஸ்வோச்செவ் என்ற சிற்றூரில் சுமார் 200 பேர் கொல்லப்பட்டார்கள். பிளாஸ்கோவிட்ஸின் புகார்களில் குற்றவாளிகளாக நிற்பவர்கள் பெரும்பாலும் எஸ்.எஸ். ஆட்களும் காவல் படையினருமே. ராணுவத்தின் கை சுத்தம் என்ற எண்ணத்தின் மேல் நின்றுகொண்டுதான் அவர் எழுதினார். அந்தத் தரை அப்போதே கறைபட்டிருந்தது.

அக்டோபர் 20ஆம் தேதி ஆக்கிரமிப்புப் போலந்தின் ராணுவத் தலைமை அவரிடம் வந்தது. வந்தது என்ன அதிகாரம் என்று பார்க்க வேண்டும். அதற்கு முன்பே இரண்டு கதவுகள் சாத்தப்பட்டுவிட்டன. அக்டோபர் 4இல், போலந்துக்காரர்கள் செய்த கொடுமைகளால் ‘மனம் கசந்து’ குற்றம் செய்த ஜெர்மானியர்கள் தண்டிக்கப்பட மாட்டார்கள் என்று ஹிட்லர் பொது மன்னிப்பு அளித்தார். அக்டோபர் 17இல் எஸ்.எஸ்.ஸும் காவல் பிரிவுகளும் ராணுவ நீதிமன்றங்களின் வரம்பிலிருந்து விலக்கப்பட்டன. மாத இறுதியில் ராணுவ நிர்வாகம் முடிந்து, ஹான்ஸ் ஃபிராங்க் கவர்னர் ஜெனரலாகக் கிராக்கோ அரண்மனையில் அமர்ந்தார். அவருக்குத் துணையாக வந்தவர் ஆஸ்திரிய நாஜி ஆர்தர் ஸைஸ்-இன்குவார்ட். பிளாஸ்கோவிட்ஸிடம் படைவீரர்கள் இருந்தார்கள்; கண்ணெதிரே கொலை செய்கிறவனைக் கைதுசெய்து கூண்டில் ஏற்றும் உரிமை இல்லை. அவர் கையில் மிஞ்சியது பேனா ஒன்றுதான்.

நவம்பரில் எழுதத் தொடங்கினார். அதே மாதம் 6ஆம் தேதி கிராக்கோவின் யாகியெலோனியப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களை ஒரு சொற்பொழிவுக்கென்று அழைத்து வரவழைத்து, 183 பேரைப் பிடித்து வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். ஆசிரியர்கள், குருமார்கள், நிலக்கிழார்கள், வழக்கறிஞர்கள் என்று நாட்டின் படித்த வர்க்கத்தையே பட்டியல் போட்டுச் சுட்டுக்கொண்டிருந்த காலம். பிளாஸ்கோவிட்ஸின் முதல் அறிக்கை பிரௌகிட்ஷின் கை வழியாக ஹிட்லரின் மேசைக்குச் சென்றது. ஹிட்லரின் ராணுவ உதவியாளர் கெர்ஹார்ட் எங்கல் எழுதிவைத்த குறிப்பின்படி, ஹிட்லர் கொதித்தார்: ரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பின் முறைகளை வைத்துப் போர் நடத்த முடியாது, இந்த ஆளை எனக்கு எப்போதுமே நம்பப் பிடித்ததில்லை என்றார். நவம்பர் 27இல் பிளாஸ்கோவிட்ஸ் மீண்டும் எழுதினார். இந்த முறை காவல் பிரிவுகளின் ‘இரத்த வெறி’ என்றே குறிப்பிட்டார். பிப்ரவரியில் மூன்றாம் முறை, ஸ்பாவா குறிப்பு. அவருக்குக் கீழிருந்த ஜெனரல் வில்ஹெல்ம் உலெக்ஸும், இது ஜெர்மன் மக்கள் அனைவரின் மானத்திலும் விழுந்த கறை என்று எழுதிக் கொடுத்திருந்தார்.

மூன்று முறை எழுதியது சிறிய காரியம் அல்ல. அந்த ஆண்டு அந்தப் பதவிகளில் இருந்தவர்களில் எத்தனை பேர் ஒருமுறையாவது எழுதினார்கள்? இதை அவருக்கு உரிய கணக்கில் வரவு வைத்தே ஆக வேண்டும்.

அந்தத் தாள்கள் பிரௌகிட்ஷோடு நின்றுவிடவும் இல்லை. ராணுவ உளவுத் துறையைச் சேர்ந்த ஹெல்முட் குரோஸ்குர்ட் என்ற அதிகாரி அவற்றின் பிரதிகளை எடுத்துக்கொண்டு மேற்கு எல்லையில் இருந்த படைத் தலைமையகங்களுக்குச் சென்றார். இதைப் படித்தால் தளபதிகள் ஹிட்லருக்கு எதிராக எழுவார்கள் என்பது அவருடைய நம்பிக்கை. தளபதிகள் படித்தார்கள், முகம் சுளித்தார்கள், சிலர் அதிர்ந்தார்கள். மார்ச் 13இல் எஸ்.எஸ். தலைவர் ஹிம்லர் கோப்லென்ஸ் நகருக்கு வந்து அவர்கள் முன்னால் பேசினார். ஃபியூரர் ஹிட்லருக்குத் தெரியாமல் நான் எதுவும் செய்வதில்லை என்ற பொருளில் அவர் சொன்னதாகக் கேட்டிருந்த உலெக்ஸ் பின்னாளில் கூறினார். அத்தோடு பேச்சு அடங்கியது. எல்லோருடைய கண்ணும் பிரான்ஸின் மேல் இருந்தது.

என் பார்வையில் இந்த வழக்கின் மையமே இதுதான். போருக்குப் பிறகு எத்தனையோ ஜெர்மன் தளபதிகள் ‘எங்களுக்குத் தெரியாது’ என்றார்கள். 1940 வசந்தம் பிறக்கும் முன்பே அவர்களில் பலருடைய மேசைக்குச் செய்தி வந்திருந்தது; கொண்டுவந்தவர்கள் எதிரி வானொலியோ துண்டறிக்கையோ அல்ல, அவர்களைப் போன்றே சீருடை அணிந்தவர்கள். பிளாஸ்கோவிட்ஸின் குறிப்பு ஒருவரையும் காப்பாற்றவில்லை. ஆனால் அந்த ஒரு சாக்கை என்றென்றைக்குமாக அடைத்துவிட்டது.

மே மாதம் அவரைப் போலந்திலிருந்து எடுத்தார்கள். மேற்கில் ஒரு படை தருவதாக இருந்து, அதுவும் கைநழுவிப் போனது. ஜூலை 19இல் ஹிட்லர் ஒரே நாளில் பன்னிரண்டு பேரை ஃபீல்ட் மார்ஷல் ஆக்கினார். ரைஹெனாவ் அதில் ஒருவர். கியூக்லருக்கு 1942இல் கிடைத்தது. போலந்தில் படை நடத்திய ஐந்து தளபதிகளில் கடைசிவரை ஃபீல்ட் மார்ஷலின் பதவிக்கோல் கிடைக்காதவர் பிளாஸ்கோவிட்ஸ் மட்டுமே.

மற்ற இருவர் என்ன செய்தார்கள்? 1940 ஜூலை 22இல் தன் 18ஆம் படையோடு போலந்துக்குத் திரும்பிய கியூக்லர், அங்கே நடக்கும் ‘இனப் போராட்டத்தை’ வீரர்கள் எவரும் விமர்சிக்கக் கூடாது என்று உத்தரவிட்டார். 1941 ஆகஸ்டில் உக்ரைனின் பீலா செர்க்வா ஊரில், பெற்றோர் கொல்லப்பட்ட சுமார் 90 யூதக் குழந்தைகளை ஒரு வீட்டில் சோறு தண்ணீரின்றி அடைத்து வைத்திருந்தார்கள். 295ஆவது டிவிஷனின் தலைமையக அதிகாரி ஒருவர் குறுக்கே விழுந்து அவர்களைக் கொல்வதைத் தடுக்கப் பார்த்தார். அந்த அதிகாரி, முன்பு பிளாஸ்கோவிட்ஸின் குறிப்புகளைச் சுமந்து திரிந்த குரோஸ்குர்ட். விஷயம் 6ஆம் படைத் தளபதியிடம் போனது. அந்தத் தளபதி ரைஹெனாவ். தொடங்கியதை முடியுங்கள் என்று முடிவாயிற்று. ஆகஸ்ட் 22இல் குழந்தைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒன்றரை ஆண்டுக்கு முன் காகிதத்தில் எச்சரிக்கப்பட்ட அந்தக் கொள்ளைநோய், எச்சரிக்கையைச் சுமந்தவரின் கண்ணெதிரிலேயே ராணுவத்தின் உச்சியைத் தொட்டுவிட்டது. குரோஸ்குர்ட் ஸ்டாலின்கிராட்டில் பிடிபட்டு 1943இல் சோவியத் முகாமில் இறந்தார்.

பிளாஸ்கோவிட்ஸோ பிரான்ஸில் இருந்தார். 1940 அக்டோபர் முதல் 1944 மே வரை, போர்தோ நகரைத் தலைமையிடமாகக் கொண்ட 1ஆம் படை; அட்லாண்டிக் கரையைக் காக்கும் அமைதியான வேலை. நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இந்தியப் போர்க்கைதிகளிடையே திரட்டிய இந்திய லெஜியனின் வீரர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் 1943 முதல் காவல் நின்ற லக்கனோ கடற்கரையும் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது.

1944 மே மாதம் தெற்குப் பிரான்ஸ் முழுவதற்கும் பொறுப்பான ‘ஜி’ படைத்தொகுதி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரு மாதத்தில், அந்தப் பரப்பிலிருந்து வடக்கே புறப்பட்ட ‘தாஸ் ரைஹ்’ எஸ்.எஸ். டிவிஷன் தூல் நகரில் 99 பேரைத் தூக்கிலிட்டது. மறுநாள், ஜூன் 10இல், ஓரதூர்-சூர்-கிலான் கிராமத்தில் ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாக 640க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. பெண்களையும் குழந்தைகளையும் தேவாலயத்தில் அடைத்துத் தீவைத்தார்கள். போலந்தில் அவர் எதை எழுதினாரோ, அதுவே இப்போது அவருடைய பொறுப்பெல்லைக்குள் நடந்தது. ஸ்பாவாக் குறிப்பைப்போல ஒன்று இந்த முறை வரவில்லை. ஜூலை 20இல் ஹிட்லரைக் கொல்ல ராணுவ அதிகாரி ஸ்டாஃபென்பெர்க் குண்டு வைத்தபோதும் அவர் சதிகாரர்களோடு இல்லை.

ஆகஸ்ட் 15இல் தூலோனுக்கும் கானுக்கும் இடைப்பட்ட கரையில் அமெரிக்க, பிரெஞ்சுப் படைகள் இறங்கின. பிளாஸ்கோவிட்ஸின் நல்ல டிவிஷன்கள் பலவற்றை, ஜூனில் நேச நாடுகள் தரையிறங்கிய நார்மண்டி ஏற்கெனவே விழுங்கியிருந்தது. ஓரிரு நாளில் ஹிட்லர் பின்வாங்க அனுமதித்தார். அந்த உத்தரவை நேச நாடுகள் மறைகுறி உடைத்து உடனே படித்துவிட்டன. இருந்தும் அவருடைய 19ஆம் படை ரோன் பள்ளத்தாக்கு வழியே வடக்கே விரைந்தது. 11ஆவது கவச டிவிஷன் பின்பக்கத்தைத் தாங்கியது. மோன்டெலிமார் அருகே ஒரு வாரம் நடந்த சண்டையில் சாலையெங்கும் எரிந்த வண்டிகள், செத்த குதிரைகள். பெரும் இழப்போடு வோஜ் மலைவரை போய்ச் சேர்ந்தார்கள். அட்லாண்டிக் கரையிலிருந்து நடந்தே வந்த எல்ஸ்டர் என்ற ஜெனரலின் பிரிவு மட்டும் அகப்பட்டுக்கொண்டு, சுமார் 20,000 பேரோடு லுவார் நதிக்கரையில் சரணடைந்தது. போர்க்கலை என்ற அளவில் பிளாஸ்கோவிட்ஸ் செய்த சிறந்த காரியம் இந்தப் பின்வாங்கல்தான். அதற்குக் கிடைத்த பலன், செப்டம்பர் 21இல் பதவி நீக்கம். அக்டோபரில் ஒரு பதக்கம். டிசம்பரில் மீண்டும் அதே பதவி. 1945 ஜனவரியில் அல்சாஸில் நடந்த கடைசித் தாக்குதலில் அவருக்குப் பக்கத்துப் படைத்தொகுதியின் தளபதியாக நின்றவர் ஹிம்லர்.

ஜனவரி இறுதியில் ‘ஹெச்’ படைத்தொகுதிக்குப் போனார். நெதர்லாந்தில் அப்போது பட்டினிக் குளிர்காலம். துலிப் கிழங்கைத் தின்று உயிர்பிடித்தார்கள். சுமார் 20,000 பேர் இறந்தார்கள். அங்கே ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர், பழைய போலந்து நாட்களின் ஸைஸ்-இன்குவார்ட். மார்ச் 5இல் பிளாஸ்கோவிட்ஸ் இட்ட உத்தரவு ஒன்றை மறக்க முடியவில்லை: பிரிவை விட்டு விலகிச் சாலையிலோ ஊரிலோ அகப்பட்டு, ‘என் பிரிவைத் தேடுகிறேன்’ என்று சொல்லும் வீரன் எவனையும் உடனே விசாரித்துச் சுட வேண்டும். ஏப்ரல் 17இல் ஜெர்மானியர்கள் வியெரிங்கர்மேர் அணையைத் தகர்த்து, கடலிலிருந்து மீட்டிருந்த விளைநிலத்தை மூழ்கடித்தார்கள். பிறகு, அந்த மாதக் கடைசியில், நேச நாட்டு விமானங்கள் தாழப் பறந்து உணவு மூட்டைகளைப் போடவும், மே மாதம் லாரிகள் முன்னணி வரிசையைத் தாண்டி வரவும் ஜெர்மன் தரப்பு இசைந்தது. அதற்கு இசைந்தவர்களில் அவரும் ஒருவர். மே 5இல் வாகெனிங்கன் நகரில் ஒரு ஹோட்டலில் கனடிய ஜெனரல் சார்ல்ஸ் ஃபோல்க்ஸின் முன் அமர்ந்து சரணடைவு விதிகளைக் கேட்டுக்கொண்டார்.

மே 13இல், போர் முடிந்து ஐந்து நாள் ஆன பிறகு, ஆம்ஸ்டர்டாமில் கனடியர்களின் காவலில் இருந்த ஜெர்மன் முகாமில், படையை விட்டு ஓடிய இரண்டு ஜெர்மன் மாலுமிகளை ஜெர்மன் ராணுவ நீதிமன்றம் விசாரித்து, கனடியர்கள் கொடுத்த துப்பாக்கிகளால் சுட்டுக் கொன்றது. இந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. 1939இல் கொலைகாரர்களைத் தொட அதிகாரமில்லாமல் கைகட்டி நின்ற அதே நீதி இயந்திரம், கொலைக்குத் துணைபோக மறுத்து ஓடியவர்கள் மீது நாடே இல்லாமல் போன பிறகும் பாய்கிறது.

நியூரம்பெர்க்கில் அமெரிக்கர்கள் நடத்திய பன்னிரண்டு வழக்குகளில் கடைசியானது உயர் தளபதிகள் வழக்கு. பதினான்கு பேர் மீது குற்றப்பத்திரிகை. அதில் பிளாஸ்கோவிட்ஸும் இருந்தார், கியூக்லரும் இருந்தார். 1948 பிப்ரவரி 5இல் விசாரணை தொடங்கும் நாளன்று, பிளாஸ்கோவிட்ஸ் காவலர்களிடமிருந்து விலகி, நீதி மாளிகைச் சிறையின் மாடத்திலிருந்து உள்முற்றத்தில் குதித்து இறந்தார். ஸ்பாவாக் குறிப்பில் அவர் தேதியிட்டு எட்டு ஆண்டு நிறைய ஒரு நாள் இருந்தது. எஸ்.எஸ். ஆட்கள் தள்ளிவிட்டார்கள் என்ற வதந்தி உடனே கிளம்பியது. அதற்கு ஆதாரம் எதுவும் வரவில்லை.

கூண்டில் ஏறியிருந்தால் அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி எளிது. ‘அந்தக் குறிப்பை எழுதிய நீங்கள், அது குப்பைக்குப் போன பிறகு ஐந்து ஆண்டு எப்படிப் பணியில் இருந்தீர்கள்?’ ராஜினாமா செய்த ஜெனரல்கள் சுடப்படவில்லை, வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அவரே இரண்டு முறை வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்தான். இரண்டு முறையும் கூப்பிட்டவுடன் திரும்பி வந்தார். மேலே எழுதிக் கொடுத்துவிட்டால் தன் கடமை தீர்ந்தது, மிச்சம் மேலிருப்பவர் பாடு என்று அந்த ராணுவம் அவருக்கு இளமையிலிருந்தே சொல்லிக்கொடுத்திருந்தது. அதை அவர் நம்பினார் என்றே நான் நினைக்கிறேன். அவருடைய வாயால் அதைக் கேட்கும் வாய்ப்பு அந்த முற்றத்தில் முடிந்தது.

மற்ற பதின்மூன்று பேரை வைத்து வழக்கு நடந்தது. அக்டோபர் இறுதியில் தீர்ப்பு. கியூக்லருக்கு 20 ஆண்டு; பிறகு 12ஆகக் குறைத்தார்கள்; 1953இல் வெளியே வந்துவிட்டார்.